முப்பத்தேழாம் பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"சௌந்தரம் மேடம், நூலகத்துக்கு எதுக்கு ரெண்டு ஆளு? கம்ப்யூட்டர் வந்தாச்சு, பார்கோடு வந்தாச்சு. ஏப்ரலுக்கு மேல ஒரு ஆளுதான். நீங்களா, இன்பராஜாங்கிறதை நான் சொல்லப் போறதில்லை. பிள்ளைங்க சொல்லட்டும்."

அதற்குப் படிவமும் அடித்து வைத்திருக்கிறார். நூலகச் சேவை பற்றி மாணவர் கருத்து. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், அடியில் சொந்தமாக எழுத நாலு கோடு. நூலகருக்குத் தனிக் கேள்விகள், உதவியாளருக்குத் தனிக் கேள்விகள். மார்ச்சில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்களிடமும் இதையே காட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

இருபத்துநாலு வருஷம் இங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள் எனக்கு மதிப்பெண் போடப் போகிறதாம்! இன்பராஜ் வந்து பதினாலு வருஷம். கவுன்ட்டரில் நிற்கிறவன். தபாலில் நூலக அறிவியல் படித்தான். பரீட்சை லீவுக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான். அந்தக் கையை உடைக்க வேண்டும். இப்போது பாதிச் சம்பளத்துக்கு என் நாற்காலியில் உட்கார எல்லாத் தகுதியும் அவனுக்கு இருக்கிறது.

எனக்கு ஓய்வுக்கு ஆறு வருஷம் பாக்கி. வைஷாலி இங்கேதான் பி.காம் கடைசி வருஷம், ஊழியர் மகள் என்கிற சலுகையில். வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்கிறார். இந்த வேலை போனால் நாங்கள் மூன்று பேரும் தெருவில்தான்.

இன்பராஜ் மத்தியானம் வந்து, "ரெண்டு பேரையும் வெச்சுக்கச் சொல்லி ஒண்ணாப் போய்க் கேட்போமா மேடம்?" என்றான். கேட்டுப் பாரேன் என்றேன். எனக்கென்ன வந்தது.

சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

படிவம் கொடுக்க ஆரம்பித்தாயிற்று. கவுன்ட்டரில் நானே உட்கார்ந்துகொண்டு இன்பராஜை மாடியில் ரேக் அடுக்க அனுப்பிவிட்டேன். "பேரு எழுதாதே, ரோல் நம்பர் எழுதாதே. யார் எழுதினதுன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மனசுல பட்டதை எழுது." ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு படிவம் கொடுப்பேன். எழுதிக் கொண்டுவந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுப்பேன். பிள்ளை திரும்பி நடந்ததும் தாளின் பின்பக்கம், உள்மூலையில், ரோல் நம்பரைப் பென்சிலால் குட்டியாகப் போட்டுவிடுவேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நூலகக்காரி புத்தி. எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பக்கத்தில் முத்திரை குத்துவதோடு உள்ளே ரகசியமாய் ஒரு பக்கத்திலும் குத்துவோம். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் நூலகத்தில் அது முப்பத்தேழாம் பக்கம். எனக்கும் இன்பராஜுக்கும் மட்டும் தெரியும். அடையாளம் போடாமல் ஒரு தாளைக் கைதாண்ட விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பிப்ரவரி 14, வெள்ளி

மொத்தம் 286. இன்று உட்கார்ந்து படித்தேன்.

"இன்பராஜ் அண்ணன் இல்லைன்னா எங்க ப்ராஜெக்ட்டே முடிஞ்சிருக்காது." "புத்தகம் இல்லைன்னா பக்கத்துக் காலேஜ்ல கேட்டு வாங்கித் தர்றார்." "இன்பராஜ் சார் ஐந்துக்கு ஆறு." ஆறாம்! இதில் ஒரு வடிகட்டின முட்டாள் இதயம் வேறு வரைந்து வைத்திருக்கிறது.

என்னைப் பற்றி: "நூலகர் மேடம் சிரித்து நான் பார்த்ததில்லை." "புத்தகம் கேட்டால் ஏதோ அவங்க வீட்டு நகையைக் கேட்ட மாதிரி பார்க்கிறாங்க." "அவங்க சீட்ல இருந்தா நாங்க திரும்பிப் போயிடுவோம்."

அவனுக்குச் சராசரி 4.7. எனக்கு 1.8.

பதினோரு பேர் தாளாளரையும் விட்டுவைக்கவில்லை. மூன்று வருஷமாய்ப் புதுப் புத்தகம் ஒன்றுகூட வராதது ஏன், அவர் வீட்டுக் காருக்கு மட்டும் வருஷா வருஷம் புதுசு வருகிறதே என்று. வாய்க்கொழுப்பு.

286 தாளில் என்னை நல்லதாகச் சொன்னது ஒரே ஒரு தாள். "நூலகர் அம்மா கோபக்காரங்கதான். ஆனா காய்ச்சலோட நான் படிச்சிட்டிருந்தப்ப ஃபேனுக்கு அடியில இடம் மாத்திக் கொடுத்தாங்க. அதை மறக்க மாட்டேன்." பின்னால் திருப்பிப் பார்த்தேன். கணிதம் 18. முத்தரசி. நடுவப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. வீட்டில் படிக்க இடமில்லை என்று பூட்டும் வரை இங்கேயே கிடக்கும். அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன்.

பிப்ரவரி 15, சனி

தலைவலி. இரண்டு மாத்திரை.

பிப்ரவரி 17, திங்கள்

அந்தப் பதினோரு தாளில் ஒன்று வணிகவியல் 41. அதை வெள்ளிக்கிழமையே கவனித்தேன், எழுதவில்லை. 'ழ'வுக்கு இப்படி வால் நீட்டுவது எங்கள் வீட்டில்தான். நான் கைபிடித்துப் பழக்கியது. தாளாளரைப் பற்றி எழுதியதற்குக் கீழே, "நூலகரைப் பத்தி எழுத ஒண்ணுமில்லை. வீட்லயும் அப்படித்தான்" என்று இருந்தது. நம்பர் போடும்போது வந்து நின்றது யாரென்றுகூடப் பார்க்கவில்லை. கை தன்னால் போட்டுவிட்டது.

வைஷாலி சாப்பிட வந்தாள். குழம்பில் புளி தூக்கல் என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பிள்ளைகள் எழுத்து கண்ராவி. அடித்தல், திருத்தல், ஒரு தாளில் டீக்கறை. இதை அப்படியே குழுவின் முன்னால் எப்படி வைப்பது? வெற்றுப் படிவங்கள் எடுத்து வந்து சுத்தப்பிரதி எடுக்கத் தொடங்கினேன். மூன்று நாளாக மத்தியான இடைவேளையில் உள்ளறையைச் சாத்திக்கொண்டு. நாலு நிறப் பேனா. நடுவிரல் வீங்கிவிட்டது.

பிரதி எடுக்கும்போது சில மதிப்பெண்கள் மாறின. அனுபவம் இல்லாத பிள்ளைகள் போட்டதுதானே. இருபத்துநாலு வருஷ உழைப்புக்கு என்ன மதிப்பெண் என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 26, புதன்

கோப்பைத் தாளாளரிடம் கொடுத்தேன். நூலகர் 4.6. உதவியாளர் 1.9. நாலைந்து தாள் புரட்டினார். "அட, பரவால்லையே மேடம்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். முடிவு குழு வந்து போன பிறகாம்.

வெளியே வந்தால் இன்பராஜ் நிற்கிறான். "எப்படி வந்திருக்கு மேடம்?" என்று கேட்டான். பிள்ளைகள் ஏதோ எழுதியிருக்குப்பா, நான் உள்ளே பார்க்கவில்லை என்றேன்.

மார்ச் 1, சனி

பைண்டிங் செய்கிறவர் வந்தார். பழைய ஆய்விதழ்க் கட்டுகளோடு இன்னொரு கட்டையும் கொடுத்தேன். மேலும் கீழும் ஆய்விதழ் அட்டை, நடுவில் அந்த 286.

கிழித்துப் போட்டிருக்கலாமே என்றால், எனக்கு அது வராது. கழிவுப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு துண்டுச்சீட்டைக்கூட நான் குப்பையில் போட்டதில்லை. நூலகத்தில் ஒரு தாள் பத்திரமாய் இருக்க வேண்டும், யார் கண்ணிலும் படவும் கூடாது என்றால் அதற்கென்றே இடம் இருக்கிறது. பைண்டு செய்த பழைய ஆய்விதழ் ரேக். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு பேராசிரியர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

பைண்டு ஆகி வந்தது. முதுகில் ஒட்டும் சீட்டை எப்போதும் இன்பராஜ்தான் எழுதுவான். அவன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். "கல்லூரி ஆய்விதழ், தொகுதி 9" என்று எழுதச் சொன்னேன். எழுதி, ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து வைத்தான். வழக்கமாய் ஏதாவது தொணதொணப்பான். இன்று வாயே திறக்கவில்லை. வீட்டில் சண்டையோ என்னவோ.

நானே ஏணி போட்டு மேல்தட்டில் சொருகினேன். புடவையெல்லாம் ஒட்டடை.

மார்ச் 20, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் நூலகராய் இருந்து ஓய்வு பெற்றவர். நமக்கென்று இப்படி ஒரு ஆள் வாய்க்க வேண்டுமா!

கோப்பைப் பார்த்தார். "4.6. இவ்வளவு சந்தோஷமான பிள்ளைங்களை நான் எங்கயும் பார்த்ததில்லை மேடம்" என்றார். பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

பிறகு யாரும் போகாத இடத்துக்கு நேராகப் போனார். பழைய ஆய்விதழ் ரேக். ஏணியில் ஏறி விரலால் ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் விரல் தடம் பதிகிற அளவுக்குத் தூசி. ஒன்றில் மட்டும் இல்லை. அதை உருவினார்.

நின்றுகொண்டே கால்மணி நேரம் படித்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை கூடியிருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

தாளாளர் அறை. கோப்பு ஒரு பக்கம், தொகுதி ஒரு பக்கம். அந்தப் பெரியவர் கேட்டார்.

"ஒரே படிவம், ரெண்டு கட்டு. ஒண்ணுல நூலகர் தெய்வம். இன்னொண்ணுல உதவியாளர் தெய்வம். எது நிஜம்? இந்தச் சீட்டு யார் எழுத்து?"

"என் எழுத்துதான் சார்" என்றான் இன்பராஜ்.

"யார் எழுதச் சொன்னது?"

அவன் என்னைப் பார்த்தான். அந்த நொடியில் எனக்கு வைஷாலி முகமும், வீட்டில் கட்டிலில் கிடக்கிற மனுஷனும்தான் தெரிந்தார்கள். அவன் வாய் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"அடப்பாவி! இதுதான் நீ பண்ணின வேலையா இன்பராஜ்? உன்னைப் பத்தி நீயே பிள்ளைங்களை விட்டு எழுத வெச்சு, பைண்டு பண்ணி, குழு கண்ணுல படட்டும்னு மேல சொருகி வெச்சியா? உள்ளே முத்திரை வேற குத்தியிருக்கு பாருங்க சார்!"

முத்திரை இருந்தது. முப்பத்தேழாவது தாளில். அவர் புரட்டும்போதுதான் நானே பார்த்தேன். கட்டைத் திறந்து, பக்க எண் இல்லாததால் தாளை எண்ணி, வழக்கம்போல் குத்தியிருக்கிறான். முத்திரை குத்தாமல் விட அவனாலும் முடியவில்லை.

மறுப்பான் என்று பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். பெரியவர் இரண்டு தடவை, "ஏதாவது சொல்லுப்பா" என்றார். தலையை மட்டும் ஆட்டினான்.

"பொய்யா எழுத வெச்சதுன்னா இத்தனை அடித்தல் திருத்தல் இருக்காதே மேடம்" என்றார் பெரியவர் என்னிடம். அதற்குள் தாளாளர் எழுந்துவிட்டார். "உள்விவகாரம் சார், நாங்க பாத்துக்கறோம். சாப்பாடு ஆறுது" என்று அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு இன்பராஜுக்கு ஓலை வந்தது. ஒழுங்கீனம் என்று போட்டு வேலை நீக்கம். அப்படிப் போட்டால் வேறு கல்லூரி எதுவும் எடுக்காது.

மத்தியானம் பிரியாணி போட்டார்கள். நெய் ஜாஸ்தி.

மார்ச் 24, திங்கள்

இன்பராஜ் நோ டியூஸ் கையெழுத்துக்கு வந்தான். வேலையை விட்டுப் போகிறவன் ஒவ்வொரு துறையிலும் பாக்கி இல்லை என்று வாங்க வேண்டும். பதினாலு வருஷம் ஊருக்கெல்லாம் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவன், கவுன்ட்டருக்கு வெளிப்பக்கம் நின்றான். கம்ப்யூட்டரில் பார்த்தேன். அவன் பெயரில் ஒரு அகராதி இருந்தது, மகனுக்காக எடுத்தது. "அதைக் கொண்டாந்து கொடுத்துட்டு வா" என்றேன். விதி என்றால் எல்லோருக்கும் விதி. வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் எடுத்துவந்தான். முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்தேன். அவனே குத்திய முத்திரை.

நான் கையெழுத்துப் போடும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"தாளோட பின்பக்கம், தையல் ஓரத்துல பென்சில் நம்பர் இருக்கு மேடம். முத்திரை குத்த விரிச்சப்பவே பார்த்துட்டேன். உங்க எழுத்து. அன்னிக்கு அந்தப் பக்கத்தை விரிச்சுக் காட்டியிருந்தா எது நிஜம்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் காட்டலை?" என்றேன்.

"உங்களுக்காக இல்ல, அதை மட்டும் நினைச்சுக்காதீங்க. உங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது. தாளாளரைப் பத்தி எழுதின பிள்ளைங்க பதினோரு பேரு. விரிச்சுக் காட்டினா அவங்க நம்பரும் சேர்ந்து தெரிஞ்சிடும். ரெண்டு வாரத்துல பரீட்சை. பேரு தெரியாதுன்னு நம்பித்தானே எழுதிச்சுங்க? அந்த நம்பரை மட்டும் அழிச்சிருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலை."

அழிக்கிறேன் என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

குழு போனதும் தாளாளர் அந்தத் தொகுதியை நூலகத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தார். அழிரப்பர் வாங்கினேன். நாலு தாள் அழித்தேன். தையலை விரித்து விரித்துக் கை வலிக்கிறது. கவுன்ட்டரிலும் இப்போது நான் ஒருத்திதான். மீதி நாளைக்கு.

மார்ச் 27, வியாழன்

வேலை சரியாக இருந்தது. அழிக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு மூன்று, "இன்பராஜ் அண்ணன் எங்க மேடம்?" என்று கேட்டன. லீவு என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தாளாளர் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"மேடம், கோப்புல இருக்கிற தாள் அத்தனையும் ஒரே கை. டிக் அடிக்கிற சாய்வு கூட மாறலை. எனக்கு பிப்ரவரியிலயே தெரியும்." சிரித்தார். "எனக்கென்ன, ஒரு ஆளு குறையணும், குறைஞ்சிட்டான். நீங்க இருங்க. உங்க பொண்ணும் படிக்கட்டும். ஆனா அந்தத் தொகுதில என்னைப் பத்திப் பதினோரு தாள் இருக்கு, எண்ணிட்டேன். யாரு என்னன்னு எனக்கு வேணும். இருபத்துநாலு வருஷமா லெட்ஜர்ல அதுங்க கையெழுத்தைத்தானே பாக்கறீங்க? கண்டுபிடிச்சிருவீங்க. முடியலைன்னா சொல்லிருங்க, இன்பராஜ் வீடு பக்கத்துலதான் இருக்கு."

டீயில் சர்க்கரை போட்டுவிட்டார்கள். குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

கண்ணாடி போட்டுக்கொண்டு தையல் ஓரத்தை விரித்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து தெளிவாகவே இருந்தது. பத்து எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். வரலாறு 6, வரலாறு 30, தமிழ் 12 என்று. என்மேல் என்ன குற்றம்? நானா எழுதச் சொன்னேன் அதுகளை?

வணிகவியல் 41 வந்ததும் அழிரப்பரை எடுத்து அந்த நம்பரை அழித்தேன். தாள் தேய்ந்து ஓட்டையாகிற அளவுக்கு அழித்தேன்.

ஆனால் அவர் எண்ணி வைத்திருக்கிறார். பதினோரு தாளுக்குப் பதினோரு பேர் வேண்டும். யாரைப் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். மண்டைக்குள் ஒரு நம்பரும் வரவில்லை. இருபத்துநாலு வருஷத்தில் எனக்கு மனப்பாடமாய் இருப்பது ஒரே ஒரு பிள்ளையின் நம்பர்தான்.

கணிதம் 18.

கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளோடு ஒத்துப் பார்க்கவெல்லாம் இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

வைஷாலிக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. சாமி படத்தடியில் வைத்தாள். பதினோரு பேருக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம் அம்மா, பாவம் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பரீட்சை ஆரம்பம். பத்து மணிக்கு மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முத்தரசி வந்தாள். கையில் பேனா, ஸ்கேல், தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன. தாளாளரைப் பற்றித் தப்பாக எழுதினாய், உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மேடம், தாளாளரைப் பத்தி நான் ஒரு வார்த்தைகூட எழுதலை மேடம். உங்களைப் பத்தித்தான் எழுதினேன். நல்லபடியாத்தான் எழுதினேன். நீங்க படிச்சீங்கல்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க மேடம்."

"பேரில்லாத தாளும்மா அது" என்றேன். "எது உன்னுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போகவில்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஊருக்கு மத்தியானம்தான் பஸ். நிற்கிறாளே என்று எழுந்துபோய் ஃபேனைப் போட்டு, அதன் அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

உட்கார்ந்தாள். பரீட்சை முடிகிற மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.